பனியாற்றுப்படை: உறைந்த ஆற்றின் மேல் வழிகாட்டியுடன் நடத்தல்

பனியாறு என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த சொல். பனிக்கட்டியால் ஆகிய ஆறு என்று பொருள் சொல்லி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் அந்த ஆற்றின் மேல் ஏறி நடக்க விரும்புவோர்க்கு அச்சொல்லின் இரு உறுப்புகளும் இரண்டு எச்சரிக்கைகள். பனி என்பது காலடியில் கிடக்கும் பொருள் எத்தகையது என்று கேட்கச் செய்கிறது. ஆறு என்பது, நாம் மிதிப்பது நிலமன்று என்று சொல்கிறது. இவ்விரண்டையும் அறிந்த ஒருவரின் பின்னால் நடப்பதே வழிகாட்டியுடன் செல்லும் பனியாற்று நடை.

கோலா தெர்லாவில் வாழ்வோர்க்குப் பனியாறு தொலைவான செய்தி. நம் ஊரின் பெயரிலும் ஓர் ஆறு உண்டு என்பது உண்மையே. மலாய் மொழியில் கோலா என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ கலக்குமிடத்தைக் குறிக்கும். தமிழில் அதனைக் கூடல் என்றோ முகத்துவாரம் என்றோ கூறலாம். எனினும் நம் ஆறுகள் என்றும் உறைவதில்லை. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதே கேமரன் மலையில் பதிவான 7.8 பாகை செல்சியசு. நீர் உறைவதற்கு அது போதாது. ஆயினும் மலேசியத் தமிழர் பலர் இமயத்துக்கும் நியூசிலாந்துக்கும் பயணம் செல்லும் காலம் இது. அங்கே வழிகாட்டி கூறும் எச்சரிக்கை நம் மனத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லாக மாறுகிறது என்பது உயிரோடு தொடர்புடைய வினா.

பனி என்னும் ஒரு சொல்

விடியற்காலையில் தேயிலைச் சரிவை மூடி நிற்பதைக் கேமரன் மலைத் தமிழர் பனி என்கின்றனர். தஞ்சை வயலில் மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. நீலகிரியில் தை மாத இரவில் புல்வெளியை வெளுப்பாக்கும் படிவும் பனி. காசுமீரத்தில் வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதும் பனி. நான்கும் இயற்பியலில் நான்கு வேறு நிகழ்ச்சிகள். முதலாவது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி. இரண்டாவது குளிர்ந்த பரப்பில் படிந்த நீர். மூன்றாவது பரப்பிலேயே உறைந்த படிகம். நான்காவது முகிலுக்குள் உருவாகி விழும் படிகம்.

இதனைத் தமிழின் குறையாகக் கருதுதல் பொருந்தாது. வெப்பநாட்டு மொழி ஒன்று தன் மக்களுக்கு வேண்டிய அளவில் சொற்பொருளைப் பகுத்துக்கொண்டது. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரண்டு பருவங்களுக்கே பெயரிட்ட மொழி நம்முடையது. பழைய இலக்கியத்தில் பனி என்பது குளிரையும் நடுக்கத்தையும் கண்ணீரையும் கூடக் குறித்தது. மலாய் மொழி வேறு வழியை மேற்கொண்டது; வானிலிருந்து விழும் வெண்பனிக்கு அரபு மொழியிலிருந்து சல்ஜி என்னும் சொல்லைப் பெற்றுக்கொண்டது. மலாய் கடன் பெற்றது. தமிழ் தன் பழஞ்சொல்லையே நீட்டியது. இரண்டும் மொழிக்கு இயல்பான வழிகளே.

நீட்டிய சொல்லில் ஓர் இடர் உண்டு. தேயிலைச் சரிவின் பனியில் வாழ்நாள் முழுதும் நடந்தவர்க்குப் பனி என்றால் கண்ணை மறைக்கும் பொருள். காலைத் தாங்கும் பொருளன்று. 'புதுப்பனி விழுந்திருக்கிறது, கவனமாக வாருங்கள்' என்று வழிகாட்டி சொல்லும்போது, காலுக்கடியில் ஒரு பிளவு மறைந்திருக்கக்கூடும் என்ற பொருள் அவர் மனத்தில் எழுவதில்லை. ஆகவே பனியாற்றை விளக்குமுன் சில சொற்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். காற்றில் நிற்பது மூடுபனி. புல்லில் நிற்பது பனித்துளி. பரப்பில் உறைவது உறைபனி. வானிலிருந்து விழுவது வெண்பனி. வெண்பனி இறுகி மாறியது பனிக்கட்டி. இவை யாவும் வழக்கில் உள்ள சொற்களே. புதிதாக எதனையும் படைக்க வேண்டியதில்லை. வேண்டியது ஒன்றே: ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வழங்காதிருத்தல்.

வெண்பனி பனிக்கட்டியாவதற்கு ஆண்டுகள் பல ஆகும். புதிதாக விழுந்த வெண்பனியின் பெரும்பகுதி காற்றே. ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். கோடையிலும் முழுதாக உருகாத உயரத்தில் ஒவ்வோர் ஆண்டின் வெண்பனியும் முன்னாண்டின் மேல் படிகிறது. மேற்சுமை அழுத்த அழுத்தக் காற்று வெளியேறுகிறது. படிகங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. இறுதியில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையுள்ள பனிக்கட்டி உருவாகிறது. அதன் ஆழத்திலிருந்து வரும் ஒளி நீலமாகத் தோன்றும். ஒளியின் செந்நிறப் பகுதியைப் பனிக்கட்டி உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம்.

ஆறு என்னும் உண்மை

இவ்வாறு திரண்ட பனிக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும் தன் எடையாலேயே சரிவு நோக்கி நகரத் தொடங்குகிறது. அந்த நகர்ச்சி இரு வகைப்படும். ஒன்று, கட்டியின் உட்படிகங்கள் மெல்ல உருமாறி வழிதல். மற்றொன்று, அடியில் கசிந்து நிற்கும் நீரின் மேல் முழுக்கட்டியும் பாறைப்படுகையில் வழுக்குதல். ஆற்றுநீர் கரையோரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் ஓடுவதைப் போலவே பனியாறும் ஓரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் செல்கிறது. 1840களில் ஆல்ப்சு மலையில் லூயி அகாசி, சேம்சு போர்ப்சு ஆகிய அறிஞர்கள் பனிக்கட்டியில் அடையாளங்களை நிறுத்தி இதனை அளந்து காட்டினர்.

இந்த அறிவுக்குப் பின்னால் ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. 1820ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஹாமெல் என்னும் அறிஞரின் குழு மோன் பிளான் சிகரம் நோக்கிச் சென்றது. வானிலை சரியில்லை, மேலே செல்ல வழிகாட்டிகள் தயங்கினர் என்றும் பயணம் வற்புறுத்தித் தொடரப்பட்டது என்றும் அந்நிகழ்ச்சியின் வரலாறுகள் கூறுகின்றன. பனிச்சரிவு ஒன்று குழுவைத் தாக்கியது. வழிகாட்டிகள் மூவர் பனிப்பிளவுக்குள் தள்ளப்பட்டு உயிரிழந்தனர். பனியாற்றின் வேகத்தை அறிந்த போர்ப்சு, அவர்தம் உடல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்று முன்னுரைத்தார். 1861இல் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அவர்களின் எச்சங்களும் உடைமைகளும் வெளிவந்தன. மேலே புதைந்தவர்களை ஆறு 41 ஆண்டுகள் சுமந்து கீழே கொண்டுவந்து சேர்த்தது.

அந்த விபத்துக்கு மறு ஆண்டே, 1821இல், சமோனி ஊரில் வழிகாட்டிகளின் சங்கம் நிறுவப்பட்டது. உலகில் இத்தகைய அமைப்புகளுள் மிகப் பழையது அதுவே, இன்றும் இயங்குகிறது. பனியாற்றில் யார் வழிகாட்டலாம், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள் என்றெல்லாம் முறை வகுக்கும் மரபு அங்கிருந்து வளர்ந்தது. பனியாற்று நடையில் வழிகாட்டியின் சொல்லே இறுதிச் சொல் என்னும் விதி மூன்று உயிர்களை விலையாகக் கொண்டது.

பிளவும் பொய்த்தரையும்

ஆறு நகர்வதால் விளையும் பெரும் இடர் பனிப்பிளவு. பனிக்கட்டியின் அடிப்பகுதி அழுத்தத்தால் குழைந்து வழியக்கூடியது. மேற்பகுதியோ கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது. பாறைப்படுகை திடீரெனச் சரியுமிடத்திலும், நடுவின் வேகம் ஓரத்தின் வேகத்தை இழுக்குமிடத்திலும், ஆறு வளையுமிடத்திலும் மேற்பகுதி வெடிக்கிறது. அவ்வெடிப்பு ஓர் அடி அகலமும் இருக்கலாம். பத்து மீட்டரும் இருக்கலாம். ஆழம் பெரும்பாலும் முப்பது நாற்பது மீட்டர் வரை செல்லும். அதற்குக் கீழே பனிக்கட்டி குழைந்து பிளவை மூடிக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியும் பிளவு அச்சந்தரும். ஆனால் அதனைச் சுற்றிச் செல்லலாம். தெரியாத பிளவே கொல்லும். காற்று அடித்துவந்த வெண்பனி பிளவின் வாயில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் படிந்து மேலே ஒரு கூரையை அமைத்துவிடுகிறது. பார்வைக்கு அது தொடர்ச்சியான வெண்தரை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் பனிப்பாலம் என்றாகும். பாலம் என்பது கடப்பதற்காக ஒருவர் கட்டிவைத்தது; அச்சொல் காலை அழைக்கிறது. இங்கேயோ அழைப்பதற்கு மாறாக நிறுத்தும் சொல் வேண்டும். விலங்குகளை வீழ்த்தத் தழையால் மூடிவைக்கும் குழியைப் பொய்க்குழி என்னும் வழக்கு தமிழில் உண்டு. அதனை ஒட்டிப் பனிப்பிளவின் கூரையைப் பொய்த்தரை என்று வழங்கலாம் என்பது என் கருத்து. கேட்டவுடன் கால் தயங்கும். சொல்லாக்கத்தில் அழகும் சுருக்கமும் மட்டும் போதா. ஆபத்தான பொருளின் பெயர் தன்னைக் கேட்பவரைக் காக்கவும் வேண்டும்.

இனி, நடை எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம். வெண்பனி மூடிய பனியாற்றில் வழிகாட்டி குழுவினரை ஒரே கயிற்றில் இணைக்கிறார். ஒருவர்க்கும் அடுத்தவர்க்கும் இடையே பல மீட்டர் தொலைவு விடப்படும். ஒருவர் பொய்த்தரையில் விழுந்தால் மற்றவர் இழுத்து நிறுத்துவதற்கே அந்த ஏற்பாடு. இருவர் நெருங்கி நின்றாலோ, கயிறு தரையில் தொய்ந்து கிடந்தாலோ, அந்தப் பயன் இல்லாமற்போகும். அழகிய காட்சியைப் படம் எடுக்க நண்பரின் அருகில் செல்வது தரையில் இயல்பு. கயிற்றில் அது பிழை.

காலணியின் அடியில் கூரிய இரும்பு முட்கள் கொண்ட சட்டத்தைக் கட்டிக்கொள்கின்றனர். கிராம்பான் என்பது அதன் உலகப் பெயர். அதனை அணிந்து நடக்கும்போது முட்கள் அனைத்தும் ஒருசேரப் பதியுமாறு பாதத்தைத் தட்டையாக ஊன்றவேண்டும். சமதரையில் குதிகாலை முதலில் வைக்கும் பழக்கம் இங்கே வழுக்கலைத் தரும். கால்களைச் சற்று அகற்றி வைக்கவேண்டும்; இல்லையேல் ஒரு காலின் முள் மற்றக் காலின் உடையில் சிக்கி வீழ்த்தும். கையுறையைக் கழற்றலாகாது, பனிக்கட்டியின் பரப்பு அரம்போல் தோலைச் சீவிவிடும். கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்; வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் கதிரவன் ஒளி கண்ணைப் புண்ணாக்கும்.

வழிகாட்டி விடியுமுன்னே புறப்படச் சொல்வதும் காரணமுடையது. இரவுக் குளிரில் பொய்த்தரை இறுகியிருக்கும். நண்பகல் வெயிலில் அது தளரும். நீண்ட கோலால் முன்னே குத்திப் பார்த்து, கோல் தடையின்றி உள்ளே இறங்குமிடத்தை விலக்கி, மற்றோரிடத்தில் அடிவைக்கிறார். பின்வருவோர் அந்த அடிச்சுவட்டிலேயே அடிவைக்கவேண்டும். பனியாற்றில் நேற்றைய வழி இன்றைய வழியாவதில்லை, தரையே நகர்ந்திருக்கும். ஆகவே வரைபடத்தைவிட வழிகாட்டியின் கண் பெரிது.

மலைபடுகடாம் காட்டும் நெறி

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு நீரோட்டம், வழி என இரு பொருளும் உண்டு. ஒருவரை வழியில் செலுத்துதல் ஆற்றுப்படுத்துதல். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞர்க்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி நம்முடையது.

அவற்றுள் மலை நடைக்கே உரியது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயருடைய இப்பாட்டை இயற்றியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவில் ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு 583 அடிகளில் வழி கூறுகிறது. செங்கண்மா இன்றைய செங்கம். இப்பாட்டின் நடுப்பகுதியைப் புகழ்ச்சி நீக்கிப் படித்தால் அது ஒரு மலைவழிகாட்டியின் எச்சரிக்கைப் பட்டியலாகவே இருக்கும். பன்றிகளை வீழ்த்த வைத்த கற்பொறிகள் வழியில் உள்ளன. ஆதலால் இருள் நீங்கிய பின் செல்லுங்கள். பாம்புகள் மறைந்து கிடக்கும் குழிகள் உள்ளன, பார்த்து அடிவையுங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவணால் எறியும் கற்கள் பறந்துவரும். மரங்களின் பின்னே ஒதுங்கிச் செல்லுங்கள். நீர்நிலையின் ஓரத்தில் பாசி படர்ந்த வழி காலைத் தளர்த்தும். அருகிலுள்ள மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள். வழிகள் கவர்த்துப் பிரியுமிடத்தில், பின்னே வரும் புதியவர் திகைக்காதவாறு புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள்.

பனியாற்று வழிகாட்டியின் அறிவுரைகளை இவற்றோடு ஒப்பிட்டால் அமைப்பு ஒன்றே எனப் புலப்படும். நேரம் குறித்தல், மறைந்த குழியை உணர்த்தல், மேலிருந்து வீழும் கல்லுக்கு ஒதுங்கச் சொல்லல், வழுக்கும் இடத்தில் பற்றுக்கோடு காட்டல், பின்வருவோர்க்கு அடையாளம் இடல் ஆகிய ஐந்தும் இரண்டிலும் உள்ளன. இடத்தை அறிந்தவர் அறியாதவர்க்குத் தம் கண்ணைச் சொல்லாக்கிக் கொடுப்பதே ஆற்றுப்படையின் உயிர். பனியாறு பற்றித் தமிழில் எழுதுவோர்க்கு முன்மாதிரி தேடி அயல் நூல்களுக்கு மட்டுமே செல்ல வேண்டிய தேவையில்லை.

கங்கோத்திரியின் கல்மூடிய ஆறு

தமிழர் மிகுதியாகச் செல்லும் பனியாறு கங்கோத்திரி. உத்தராகண்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடைய இதன் நுனியிலிருந்து பாகீரதி வெளிப்படுகிறது. அந்நுனியின் பெயர் கோமுகம். பசுவின் வாய் என்பது பொருள். 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கங்கோத்திரிக் கோயிலிலிருந்து கோமுகம் வரை நடைவழி ஏறத்தாழ 18 கிலோமீட்டர். இப்பகுதி தேசியப் பூங்காவாகலின் செல்வோர் அனுமதி பெறவேண்டும். நாளொன்றுக்கு 150 பேர் என வரையறை உண்டு. கோமுகத்தின் உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. நம் பிரிஞ்சாங் மலையின் உச்சி ஏறத்தாழ 2,030 மீட்டர். கோமுகம் அதனைப்போல் இருமடங்கு உயரம். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் தோன்றினால் மேலே ஏறாமல் கீழே இறங்கவேண்டும் என்று வழிகாட்டி கூறுவது இதன்பொருட்டே.

அவ்வழியில் ஊர்ப்பெயர்களே ஆற்றுப்படுத்துகின்றன. முதல் தங்கல் சீர்பாசா. சீர் என்னும் ஊசியிலை மரங்கள் வாழுமிடம். அடுத்தது போஜ்பாசா, பூர்ச்ச மரங்கள் வாழுமிடம். பழங்காலத்தில் வடநாட்டார் ஏடாகப் பயன்படுத்திய பட்டை அம்மரத்தினுடையது. மரத்தின் பெயர் மாறுவது உயரம் மாறியதன் அறிகுறி. பூர்ச்சமும் நின்றுபோனால் மரமற்ற குளிர்நிலம் தொடங்கிவிட்டது என்று பொருள். மலைமக்கள் வைத்த இப்பெயர்களை அறிந்தவர் உயரமானியின்றியே தம் உயரத்தை ஓரளவு உணரலாம்.

கோமுகத்தை அடைந்தோர் பலர் பனியாறு எங்கே என்று கேட்பதுண்டு. அவர்கள் எதிர்பார்த்தது வெண்மை; கண்டதோ சாம்பல் நிறக் கற்குவியல். இருபுறச் சரிவுகளிலிருந்து விழுந்த பாறையும் மண்ணும் இப்பனியாற்றின் கீழ்ப்பகுதியைப் போர்த்தியுள்ளன. கோமுகத்துக்கு அப்பால் தபோவனம் செல்வோர் நடப்பது அந்தக் கற்போர்வையின் மேலேயே. கல்லை மிதிக்கிறோம், ஆகவே நிலத்தில் நிற்கிறோம் என்று கருதுவது இங்கே எளிது. கல்லின் கீழே பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது. நேற்று அசையாத பாறை இன்று புரளலாம். நுனியிலுள்ள பனிக்குகையின் வாயிலிருந்து பாளங்கள் முன்னறிவிப்பின்றி உடைந்து விழுகின்றன. புனிதநீர் எடுக்கும் ஆர்வத்தில் குகைவாயை நெருங்குவோரை வழிகாட்டிகள் தடுப்பது பக்தியைத் தடுப்பதாகாது.

கோமுகம் என்னும் பெயரிலும் மொழியியலார்க்கு ஒரு பாடம் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஆடன் 1935இல் அந்நுனியை அளந்து வரைபடமாக்கினார். அன்று முதல் அது தொடர்ந்து பின்வாங்கி வருகிறது. ஆடன் கண்ட கோமுகம் இன்று வெற்றுப் பாறைவெளி. பெயரோ பனியின் நுனியோடு மேலே ஏறிச் சென்றுவிட்டது. பொதுவாக இடப்பெயர் நிலத்தில் வேரூன்றி நிற்கும். இங்கே பெயர் நகர்கிறது.

ஓட்டம் நின்ற ஆறு

பின்வாங்குவது கங்கோத்திரி மட்டுமன்று. நியூசிலாந்தின் பிரான்சு ஜோசப் பனியாற்றுக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர் கா ரோயிமத்தா ஓ ஹினே ஹுக்காதெரே. ஹினே ஹுக்காதெரேயின் கண்ணீர் என்பது பொருள். மலையேறுவதில் விருப்பமுடைய அப்பெண் தன் காதலனையும் உடன் அழைத்துச் சென்றாள். பனிச்சரிவு அவனைக் கொண்டுசென்றது. அவள் சிந்திய கண்ணீரே உறைந்து பனியாறாயிற்று என்பது அவர்தம் மரபுக்கதை. பனி என்னும் சொல்லில் கண்ணீரையும் அடக்கிய தமிழுக்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐரோப்பியப் பெயரும் மாவோரிப் பெயரும் இணைந்து அதிகாரப் பெயராயின. ஆனால் பெயர் மீண்ட காலத்தில் பனி குறைந்தது. பள்ளத்தாக்கிலிருந்து நடந்து பனியாற்றில் ஏறும் வழி 2012இல் கைவிடப்பட்டது. இன்று அதன் மேல் நடக்க விரும்புவோரை ஹெலிகாப்டர் மேலே இறக்கிவிடுகிறது.

ஐசுலாந்தின் ஓக்யோகுல் இன்னும் தெளிவான சான்று. யோகுல் என்பது அம்மொழியில் பனியாற்றைக் குறிக்கும் சொல். அங்கே எஞ்சிய பனிக்கட்டி தன் எடையால் நகரும் தடிப்பை இழந்துவிட்டதென 2014இல் அந்நாட்டுப் புவியியலார் அறிவித்தனர். பனி அங்கே கிடந்தது, ஓட்டம் இல்லை. ஆகவே யோகுல் என்னும் ஈறு நீங்கி ஓக் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. 2019இல் அங்கே ஒரு நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது. ஒரு பெயரின் ஈறு உதிர்ந்ததைக் கொண்டு காலநிலையின் மாற்றத்தைப் படிக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நமக்கு அண்மையில் வெப்பமண்டலப் பனிக்கட்டி இருப்பது இந்தோனேசியப் பப்புவாவின் புஞ்சாக் ஜயா மலையில். நிலநடுக்கோட்டின் அருகே பனி கண்டதாக ஜான் கார்சுடென்சு என்னும் ஒல்லாந்து மாலுமி 1623இல் கூறியபோது ஐரோப்பியர் நம்பவில்லை. இன்று அந்தப் பனி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்து, மார்ச்சு 21ஐ ஆண்டுதோறும் பனியாறுகள் நாளாகக் குறித்ததன் பின்னணி இதுவே.

நம் மலையில்

பனியாறு இல்லாத கேமரன் மலையிலும் இந்த அறிவுக்குப் பயன் உண்டு. பிரிஞ்சாங், ஈராவ் மலைகளின் உச்சிப் பாசிக்காட்டில் நடந்தவர் அறிவர்: அங்கே தரை என்று தோன்றுவது பல இடங்களில் தரையன்று. வேர்களின் வலைமேல் பாசியும் மட்கிய இலையும் படிந்து மெத்தைபோல் நிற்கும். மிதித்தால் கால் முழங்கால்வரை உள்ளே செல்லும். பொய்த்தரை இங்கும் உண்டு. பனியால் ஆனதன்று என்பதே வேறுபாடு. மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னுள்ள வழியும் மறையும். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச்சு 26 அன்று தானா ராத்தாவின் அருகே தனியே உலாவச் சென்றவர், திரும்பவில்லை. காவலரும் படைவீரரும் ஓராங் அசிலி மக்களும் பெருந்தேடல் நடத்தியும் அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

இம்மலையின் முதல் வழிகாட்டிகள் செமாய் மக்கள். அவர்கள் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் காசியும் முண்டாரியும் அதன் தொலை உறவுகள். ஓடைக்கும் முகட்டுக்கும் மரத்துக்கும் அவர்கள் வைத்த பெயர்கள், சீர்பாசா போஜ்பாசா போலவே, இடத்தை அறிந்தவரின் கண்ணைத் தாங்கியவை. நம் தேயிலைத் தொழிலாளரும் சரிவில் நடந்தே சொற்களை ஆக்கினர். கொழுந்து என்னும் பழஞ்சொல்லுக்குத் தொழிற்பொருள் தந்தனர். ஆங்கிலச் சொல்லை லயம் என்று தமிழாக்கிக் குடியிருப்பு வரிசைக்குப் பெயரிட்டனர். அவற்றை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. கூடையைச் சுமந்து நடந்தவர்களின் தேவை அவற்றைப் பிறப்பித்தது.

பனியாற்றுச் சொற்களும் அவ்வாறே பிறக்கவேண்டும். இமயத்தில் நடந்து திரும்பும் தமிழர் தாம் கண்டதை எழுதும்போது எல்லாவற்றையும் பனி என்று சுருக்காமல், வெண்பனி எங்கே, பனிக்கட்டி எங்கே, பொய்த்தரை எங்கே, கல்போர்த்த பனியாறு எங்கே என்று பிரித்து எழுதட்டும். பள்ளி ஆசிரியர் பனியாறு என்னும் பாடத்தைக் கற்பிக்கும்போது அதன் இரண்டாம் உறுப்பை அழுத்திச் சொல்லட்டும்: அது ஆறு, நகர்கிறது, நகர்வதால் பிளக்கிறது, பிளப்பதால் அறிந்தவரின்றி அதன் மேல் நடத்தலாகாது. இந்த நான்கு தொடர்களை மனத்தில் கொண்ட மாணவர் பிற்காலத்தில் கோமுகத்துக்கு அப்பால் செல்ல நேர்ந்தால், வழிகாட்டி நில் என்று கைகாட்டும்போது ஏன் என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஓர் அடி வைக்கமாட்டார்.